பாகாயம் முதல் வயலூர் வரை

வேலூர்க் கோட்டையை விட்டுத் தெற்கே செல்லும் பேருந்து, தொரப்பாடிச் சிறைச்சாலையின் நெடுமதிலைக் கடந்து சிறிது தொலைவு ஓடி நிற்குமிடம் பாகாயம். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள், ஒரு புறம் மருத்துவக் கல்லூரியின் கற்கட்டடங்களும் மரநிழலும், மறுபுறம் ஓட்டேரி. ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கி வைத்த மருத்துவப் பணியின் ஒரு கிளை இங்கே தழைத்திருப்பதால், வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் நோயாளிகளின் முகங்களை எங்கள் தெருவில் நாள்தோறும் காணலாம். ஓய்வு பெற்றபின் நாங்கள் இருவரும் இவ்வூரிலேயே தங்கிவிட்டோம்.

எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றி ஒரு செய்தி சொன்னால் வெளியூர் அன்பர்கள் வியப்படைவர். பாலாற்றங்கரையில் அமைந்த வேலூர் மாநகரம், மேட்டூரிலிருந்து மலைமேடுகளைக் கடந்து குழாய் வழியே வரும் காவிரி நீரைக் குடித்துக் கொண்டிருக்கிறது. ஆறு அருகில் இருக்கிறது. நீர் அடுத்த ஆற்றிலிருந்து வருகிறது. விடுமுறைக்கு வந்த பேரன், "தாத்தா, நம்ம ஆத்துத் தண்ணிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். மழையில்லை, மணலை அள்ளிவிட்டார்கள், மேலே அணை கட்டிவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னோம். சொன்னவை யாவும் உண்மைதான். ஆனால் முழு உண்மையல்ல என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே பொங்கல் கழிந்த மறுவாரம், ஆற்றை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை கண்ணால் பார்த்து வருவது என்று புறப்பட்டோம்.

மேற்கு நோக்கி

பாலாறு கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது. அங்கே 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, தமிழகத்தில் 222 கிலோமீட்டர் நடந்து கடலில் சேர்கிறது. 1892-ஆம் ஆண்டுச் சென்னை–மைசூர் ஒப்பந்தத்தில் இடம்பெற்ற ஆறுகளில் இதுவும் ஒன்று. ஆண்டின் பெரும் பகுதி மேலே நீரோட்டம் இராது. மணலுக்கடியில்தான் ஆறு ஓடும். அந்த அடிநீரை மறித்து ஊற்றுக்கால்கள் வெட்டிக் கழனிகளுக்குப் பாய்ச்சிய பழைய உழவர்களின் அறிவு வியக்கத்தக்கது. கையால் மணலைத் தோண்டினால் ஊறும் நீரைச் சிரட்டையால் முகந்து குடித்த நினைவு எங்கள் தலைமுறையினர் எல்லோருக்கும் உண்டு.

பள்ளிகொண்டாவையும் மாதனூரையும் கடந்து, முதலில் வாணியம்பாடிக்கே சென்றுவிட்டோம். 1903 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து இவ்வூரை அழித்தபோது இருநூறு பேரளவில் மாண்டனர் என்பர். அதன் நினைவாக எழுப்பப்பட்ட தூண் இன்னும் நிற்கிறது. அன்று மக்களை அச்சுறுத்தியது ஆற்றின் பெருக்கு. இன்று ஆற்றங்கரையில் நின்றால் மூக்கைத் தாக்குவது வேறொன்று.

தோல் தொழில் இப்பகுதிக்குப் புதியதன்று. தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ் முசுலிம் வணிகக் குடும்பங்கள் இதனை வளர்த்தன. ஈட்டிய பொருளில் பள்ளிகளும் கல்லூரிகளும் கட்டின. வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரி 1919-லேயே தோன்றியது. தோலைத் தூக்கியும் துவைத்தும் பாடுபட்டவர்களோ பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஒருவர் முதலும் மற்றவர் முதுகும் சேர்ந்தே இத்தொழில் நின்றது.

அக்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். பல வாரங்கள் பிடிக்கும் வேலை. கழிவுநீர் அன்றும் நாறியது. ஆனால் பட்டைச் சாறு நாளடைவில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். குரோமிய உப்பைக் கொண்டு ஒரே நாளில் தோலைப் பதமாக்கும் முறையை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் முயன்று காட்டினார். எனினும் அம்முறை இப்பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது 1970-களுக்குப் பின்னரே. பச்சைத்தோலையும் அரைப்பதத் தோலையும் வெளிநாட்டுக்கு விற்பதைவிட முழுப்பதத் தோலையும் காலணியையும் விற்பதே நாட்டுக்கு இலாபம் என்று நடுவண் அரசு கொள்கை வகுத்தது. கொள்கை தவறென்று சொல்ல இயலாது. இலாபக் கணக்கை எழுதிய ஏட்டில் தண்ணீருக்கு ஒரு பத்தி ஒதுக்காமல் விட்டதே தவறு.

தோல் எப்படித் தோலாகிறது

ஒரு டேனரிக்குள் சென்று பார்க்க நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்தார். தோல் கெடாதிருக்க அப்பிய உப்போடு மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. முதல் வேலை, அந்த உப்பையும் குருதியையும் நீரில் ஊறவைத்துக் கழுவுதல். அடுத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிரைக் களைதல். பின்பு அமிலமும் உப்பும் சேர்ந்த குளியல். அதன்பின், வீட்டின் அறையளவு பெரிய மர டிரம்முகளில் குரோமிய உப்போடு தோல் சுழல்கிறது. வெளியே எடுக்கும்போது ஈரமும் வெளிர்நீலமுமாய் இருக்கும். அதனால்தான் அதற்கு "வெட் புளூ" என்று பெயர். இட்ட குரோமியம் முழுவதையும் தோல் உறிஞ்சிக் கொள்வதில்லை. எஞ்சியது நீரோடு வெளியேறுகிறது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், இத்தொழிலில் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் நீதிமன்ற ஏடுகளே கூறுகின்றன.

இவற்றுள் எது கொடியது என்று அங்கிருந்த வேதியியல் பட்டதாரி இளைஞரைக் கேட்டோம். குரோமியம் என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். "உப்புதான் ஐயா," என்றார் அவர். "குரோமியத்தைப் பிடித்துக் கசடாக இறக்கிவிடலாம். உப்பு கரைந்தே போகும். அதைப் பிடிப்பதற்குத்தான் இவ்வளவு எந்திரமும்."

அவர் காட்டிய எந்திரங்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் கழிவுநீரை வாய்க்காலில் திறந்துவிட்ட டேனரிகள், பின்னர் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் கூட்டாக நிலையங்கள் அமைத்தன. சவ்வு வழியே நீரை வடித்து மீண்டும் தொழிலுக்கே பயன்படுத்தி, எஞ்சிய உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்ய வேண்டும். ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது விதி. வற்றியபின் கிடைக்கும் உப்பு பல கழிவுகள் கலந்தது. சமையலுக்கும் ஆகாது, மறுமுறை தோலுக்கும் எளிதில் ஆகாது. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். நீரில் இருந்தது இப்போது சாக்கில் இருக்கிறது. மழைநீர் படாமல் காக்கும்வரைதான் அதற்கு அடக்கம்.

மாமாவின் கிணறு

ஆம்பூருக்குத் திரும்பி, பிரியாணி மணம் கமழும் கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் எங்கள் உறவினர் வீட்டுக்குப் போனோம். என் மனைவிக்குத் தாய்மாமன். வயது எண்பதைக் கடந்தவர். "வாங்க மாப்பிள்ளை, வாம்மா," என்று திண்ணையில் பாயை விரித்தவர், உள்ளே திரும்பி, "கேன் தண்ணி கொண்டாம்மா," என்று மருமகளுக்குக் குரல் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்: "என் வீட்டுக்கு வந்தவங்களுக்கு என் கிணத்துத் தண்ணி குடுத்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு."

கொல்லைக் கிணற்றைக் காட்டினார். தூர்ந்து போகவில்லை, நீர் இருக்கிறது. விளிம்பில் வெண்மையாய் உப்புப் பூத்திருக்கிறது. தென்னையும் நெல்லும் கரும்பும் விளைந்த மூன்று ஏக்கரில் சீமைக் கருவேல் நிற்கிறது. குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லையென்றால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. மாமா பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய பழைய பரிசோதனைத் தாளில் இருந்த எண் அந்த மேல் எல்லையை மீறியது. அத்தாளை அவர் பட்டாவோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

அவர் தனியொருவர் அல்லர். வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு நிலையம், தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குதவாமற் போயிற்று என்று கண்டறிந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் 1991-இல் உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தீங்கு வருமென்ற ஐயமிருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும். மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும். இவ்விரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்று நாடெங்கும் படிக்கப்படும் தீர்ப்பு அது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தையும் அமைக்கச் செய்தது.

அந்த ஆணையம் 2001 மார்ச்சில், 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் தர வேண்டும் என முடிவு செய்தது. கூட்டிப் பார்த்தால் பெருந்தொகை. பங்கிட்டால் ஒருவருக்குச் சராசரி பத்தாயிரத்தை எட்டாது. "அந்தப் பணத்துல ஒரு மாடு வாங்கினேன், மாப்பிள்ளை. அது குடிக்கத் தண்ணிக்கு எங்க போக?" என்று மாமா கேட்டார். சிரித்துக் கொண்டேதான் கேட்டார்.

அவ்வேளையில் பேத்தி வேலை முடிந்து வந்தாள். காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் ஊதியத்தில்தான் வீட்டுக்குக் கேன் தண்ணீரும், தம்பிக்குக் கல்லூரிக் கட்டணமும். ஆம்பூர்ச் சாலையில் மாலை வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகளிலிருந்து இறங்கும் பெண்களைப் பார்த்தவர்கள், இத்தொழிலை இழுத்து மூடினால் என்ன என்று எளிதாகக் கேட்கமாட்டார்கள். "மூடச் சொல்லாதீங்க தாத்தா, ஒழுங்கா நடத்தச் சொல்லுங்க," என்று அவள் மாமாவிடம் சொன்னது எங்களுக்கும் சேர்த்துத்தான். கிணற்றை இழந்தவரும் தொழிலால் பிழைப்பவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சட்டியில் உண்ணுகிறார்கள். வழக்கின் வாதியும் எதிர்வாதியும் இவ்வூரில் பல வீடுகளில் ஒரே குடும்பத்தினர்.

1996-இல் முடிந்ததென நாம் எண்ணிய வழக்கு முடியவில்லை. 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியது. விடுபட்டோருக்கு இழப்பீட்டை வழங்கி, அத்தொகையை மாசு செய்தோரிடமிருந்து அரசு வசூலிக்க வேண்டும். ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமையில் குழு அமைத்துச் சூழலைச் சீர்செய்யும் பணியைக் கண்காணிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இதற்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்.

மஞ்சள் மேடு

மறுநாள் கீழ்த்திசை. பாலத்தைக் கடந்து இராணிப்பேட்டை சேர்ந்தோம். 2019 நவம்பரில் தனி மாவட்டமான ஊர். டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைச் செய்து தர, 1975-இல் இங்குள்ள தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்சு அண்டு கெமிக்கல்சு என்னும் ஆலை தொடங்கப்பட்டது. இருபது ஆண்டு ஓடி மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற திடக்கழிவு 2 இலட்சத்து 27 ஆயிரம் டன் என்பது கணக்கு. ஆலை மூடிக் கால் நூற்றாண்டு சென்ற பின்னும் அக்குவியல் ஊருக்கு நடுவே கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நிறத்தில் நீர் கசியும் என்பதை அக்கம்பக்கத்தார் பல்லாண்டுகளாக அறிவர்.

தோல் பதனிடும் குரோமியம் ஒரு வகை. இம்மேட்டில் உள்ளது வேறு வகை. வேதியியலார் முன்னதை மூவிணைதிறக் குரோமியம் என்றும், பின்னதை ஆறிணைதிறக் குரோமியம் என்றும் பகுப்பர். பின்னது நீரில் எளிதில் கரைந்து பயணம் செய்யும்; புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அதாவது ஆயிரம் லிட்டர்த் தொட்டியில் ஒரு சிட்டிகையினும் குறைவு. 2006-இல் அமெரிக்க அமைப்பொன்று உலகின் மிகவும் மாசடைந்த இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு இராணிப்பேட்டையின் பெயரும் இடம்பெற்றது.

அதே தொழிற்பேட்டையில்தான் 2015 சனவரி இறுதியில், விடியுமுன், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. அடுத்திருந்த டேனரியில் உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அச்சேற்றில் புதைந்து மாண்டனர். அவர்களுள் மிகுதியானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் பாகாயத்துத் தெருவில் மருத்துவத்துக்கு வரும் வங்கக் குடும்பங்களைக் காணும் போதெல்லாம், அதே மொழி பேசிய அந்தப் பத்துப் பேர் நினைவுக்கு வருவர். கழிவைத் தடுக்கக் கட்டிய சுவரே கொன்றது. தேக்கி வைத்த நஞ்சைக் காவல் காக்க மனிதர் என்றென்றும் விழித்திருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கூடுமிடம்

ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக் கொண்டு, காவேரிப்பாக்கத்துப் பேரேரியைக் கண்டோம். பாலாற்று நீரை வாங்கி நிறையும் ஏரி அது. காஞ்சியைத் தாண்டிப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலை அடைந்தபோது பிற்பகல். அங்குள்ள பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றை நடத்தியதையும், அதில் மருத்துவருக்கும் மருந்துகளுக்கும் வகுத்த படிகளையும் அது விவரிக்கிறது. நோயாளருக்கு மருத்துவமனையும் ஆற்றங்கரையும் ஒன்றாய் இருந்த காலம் அது. மருத்துவமனையால் புகழ்பெற்ற ஊரிலிருந்து வந்த எங்களுக்கு, அக்கல்வெட்டின் முன் நிற்கையில் ஒரு நாணம் தோன்றியது. நோயைத் தீர்க்க நாம் பெருங்கட்டடங்கள் எழுப்பினோம். நோயைச் சுமந்து வரும் நீரை ஒருவரும் கேளாமல் விட்டோம்.

கடல் முகத்தில்

இறுதியாக வயலூர். பல்லவ அரசன் இராசசிம்மன் தன் குலமுறையைப் பொறித்த தூண் உள்ள சிற்றூர். இங்கேதான் பாலாறு வங்கக் கடலில் கலக்கிறது. முகத்துக்குச் சற்று மேலே தடுப்பணை. அதற்கப்பால் கழிமுகம், மணல் திட்டு, நீலக் கடல். வடக்கே தொலைவில் தெரிவன கல்பாக்கம் அணுமின் நிலையக் கட்டடங்கள். முதல் உலை 1984-லும், இரண்டாவது 1986-லும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. அந்நகரியத்துக்கும் நன்னீர் கொடுத்தது இந்தப் பாலாற்று மணல்தான். பின்னாளில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையையும் அங்கே அமைத்தனர்.

அணு உலையின் கழிவை மூன்றாகப் பிரிப்பர். கதிரியக்கம் மிகுந்ததைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலத்தில் அடைப்பர். குறைந்த அளவுள்ள நீர்க்கழிவைச் சுத்திகரித்து, உலையைக் குளிர்வித்து வரும் பெருநீரோடு கலந்து, விதித்த வரம்புக்குள் கடலில் விடுவர். இடைப்பட்டதைச் சிமெண்டில் பிணைத்துச் சேமிப்பர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி நினைவுக்கு வந்தது. அளக்கும் கருவியும், கணக்குக் கேட்கும் ஆணையமும் இங்கே உண்டு. ஆயினும் 2003 சனவரியில், இவ்வளாகத்து மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு பழுதுபட்டு, கடுங்கழிவு எளிய கழிவுக்குரிய தொட்டியில் கலந்ததால், ஆறு பணியாளர் வரம்புக்கு மேற்பட்ட கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இதே கரையில் ஏறியது. ஓடிக் கொண்டிருந்த உலை பழுதின்றி நிறுத்தப்பட்டது. நகரியத்து மக்களிலும் மீனவரிலும் பலர் மாண்டனர். அளந்து போடுகிறவனும் அஞ்சிப் போட வேண்டும்.

ஓர் ஒப்பீடு எங்கள் மனத்தில் எழுந்தது. கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள் என்று ஒன்று உண்டு. டிரிட்டியம் பன்னிரண்டு ஆண்டுகளிலும் சீசியம்–137 முப்பது ஆண்டுகளிலும் பாதியாகக் குறையும். புளூட்டோனியத்துக்கு 24,000 ஆண்டுகள் ஆகும். ஆனாலும் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. குரோமியம் உலோகத்துக்கு அரை ஆயுளே கிடையாது. இடம் மாறும், வகை மாறும்; அழிந்து போகாது. அணுக்கழிவுக்கு அஞ்சும் நாம், ஆறிணைதிறக் குரோமிய மேட்டைக் குப்பை மேடென்று எண்ணிக் கடந்து போகிறோம்.

கரையில் வலையைச் சீர்செய்து கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம் அமர்ந்தோம். உள்நாட்டு ஆலைக் கழிவுகளையெல்லாம் நெடுங்குழாயில் கொண்டுவந்து கடலில் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கடல் பெரிதுதானே, தாங்காதா என்று அவரைக் கேட்டுப் பார்த்தோம். அவர் ஊசியை நிறுத்தாமல் சொன்னார்: "உங்களுக்குக் கடல் ஊர்க்கோடிங்க, ஐயா. எங்களுக்கு அதுதான் வாசல்."

இவர் சொன்னதை உலகம் கற்றுக் கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1946 முதல் பல நாடுகள் கதிரியக்கக் கழிவைப் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் எறிந்தன. வட அட்லாண்டிக்கில் மட்டும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பீப்பாய்கள் ஆழத்தில் கிடக்கின்றன. 2025-இல் பிரெஞ்சு ஆய்வாளர் அவற்றுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் இருப்பிடத்தைக் குறித்துள்ளனர். கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் இலண்டன் உடன்படிக்கை 1972-இல் தோன்றியது. எனினும் எறிதல் நிற்கவில்லை. 1983-இல் பிரிட்டனின் கப்பல் தொழிலாளர் சங்கம், இச்சரக்கை ஏற்றமாட்டோம் என்று கைகட்டி நின்றது. அவ்வாண்டு கப்பல் புறப்படவில்லை. பத்தாண்டு கழித்து, 1993-இல், இரசியக் கடற்படை சப்பான் கடலில் அணுக்கழிவு நீரைக் கொட்டியது உலகுக்குத் தெரிந்த அடுத்த மாதமே, கதிரியக்கக் கழிவைக் கடலில் எறிவதற்கு முழுத்தடை பிறந்தது.

நச்சு வேதிப்பொருளின் கதையும் அத்தகையதே. சப்பானிய மினமாட்டா விரிகுடாவில் ஆலை விட்ட பாதரசம் மீனில் ஏறி, மீன் உண்டோரின் நரம்பைச் சிதைத்தது 1956-இல் வெளிப்பட்டது. நமக்கு அண்மையில், 2021-இல் கொழும்புக்கருகே எக்சு-பிரசு பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் நைட்ரிக் அமிலமும் நெகிழிக் குருணைகளும் சுமந்தவாறே எரிந்து மூழ்க, நீர்கொழும்பு மீனவர் தொழிலிழந்தனர். 2025 மே மாதத்தில் கொச்சிக்கப்பால் மூழ்கிய எம்.எசு.சி. எல்சா–3 கப்பலின் நெகிழிக் குருணைகள் குமரி மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. கடலுக்கு எல்லைக் கல் கிடையாது.

திரும்பும் வழியில்

வயலூரிலிருந்து மாமாவுக்குத் தொலைபேசியில் பேசினோம். "ஆறு கடல் சேருமிடத்தில் நிற்கிறோம் மாமா," என்றோம். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். உப்பு என்றோம். சிறிது நேரம் பேச்சில்லை. "கடல் உப்பா இருக்கலாம், மாப்பிள்ளை. கிணறு இருக்கக் கூடாது," என்றார்.

வழியெல்லாம் அவர் சொன்னதையும் பேத்தி சொன்னதையும் மாற்றி மாற்றி எண்ணிக் கொண்டு வந்தோம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பை உலர்வாகவே பிரித்தெடுத்தால் கழிவுநீரில் உப்பு குறையும். எஞ்சிய குரோமியத்தைப் பிரித்து மறுபடி பயன்படுத்தலாம். 1948 முதல் சென்னையில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வழிகளைக் கற்பித்து வந்திருக்கிறது. இவற்றுக்குச் செலவு உண்டு. அச்செலவைக் காலணி வாங்கும் வெளிநாட்டாரும் உள்நாட்டாராகிய நாமும் விலையில் ஏற்க மறுத்தால், மாமாவின் கிணறே தொடர்ந்து அதைச் செலுத்தும். இத்தனை ஆண்டும் செலுத்தியது அதுதான்.

2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியபோது நாங்களும் பாலத்தில் நின்று பார்த்து மகிழ்ந்தோம். ஆறு கழுவப்பட்டது என்று அன்று பலரும் சொன்னார்கள். வெள்ளம் மணலோடு எதையெல்லாம் கீழே தள்ளிச் செல்லுமென்று அப்போது எண்ணவில்லை. கழுவியது எங்கோ போய்விட்டது என்று சொல்லும் பழக்கத்தை இப்பயணத்துக்குப் பின் விட்டுவிட்டோம். போன இடத்தில் ஒருவர் வலை பின்னிக் கொண்டிருக்கிறார்.

வாசக அன்பர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ ஏரியோ இருக்கும். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு அதன் மேல்மடையிலிருந்து கடைமடை வரை நடந்து பாருங்கள். வீட்டுக் கிணற்றுநீரை ஆண்டுக்கொரு முறையேனும் பரிசோதித்து, தாளைப் பத்திரப்படுத்துங்கள். என்றேனும் ஒரு நீதிமன்றத்தில் அது பேசும். எங்கள் பேரனுக்கு இம்முறை முழு விடையையும் எழுதி அனுப்பியிருக்கிறோம். அடுத்த விடுமுறையில் அவனை ஆம்பூருக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். மாமாவின் கிணற்றையும், அத்தையாகிய பேத்தி தைக்கும் காலணியையும் அவன் ஒருசேரப் பார்க்க வேண்டும்.